முன்சக்கரமா, பின்சக்கரமா? அமெரிக்க மைலேஜ் சட்டம் யாருக்குச் சாதகம்

"அமெரிக்காவில் ரியர் வீல் டிரைவ் (பின்சக்கரம் தள்ளும்) கார்களை ஒழித்துக்கட்டியதே மைலேஜ் சட்டம்தான்" என்று கார் பிரியர்கள் அடிக்கடி புலம்புவதுண்டு. பாதிதான் உண்மை. அரபு நாடுகள் விதித்த 1973 எண்ணெய்த் தடையில் சூடுபட்ட பிறகு 1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த அந்தச் சட்டத்தில், எந்தச் சக்கரம் காரைத் தள்ள வேண்டும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஒரு கம்பெனி ஒரு மாடல் ஆண்டில் விற்கும் பயணிகள் கார்களின் சராசரி இத்தனை மைல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1978 மாடல்களுக்கு கேலனுக்கு 18 மைல், 1985-க்கு 27.5 மைல். லிட்டருக்கு என்று பார்த்தால் சுமார் 7.6 கிலோமீட்டரிலிருந்து 11.7 கிலோமீட்டருக்கு ஏறச் சொன்னார்கள். சுருக்கமாக இதற்கு கேஃபே (CAFE, கம்பெனியின் சராசரி எரிபொருள் சிக்கனம்) விதி என்று பெயர்.

ஆனால் அந்தச் சராசரியை எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 20 மைல் தரும் பெரிய கார் ஒன்று, 40 மைல் தரும் சின்ன கார் ஒன்று. சராசரி 30 என்று வாய்க்கு வந்துவிடும், இல்லை. இரண்டும் ஆளுக்கு 400 மைல் ஓடினால் பெரியது 20 கேலன் குடிக்கும், சின்னது 10 கேலன். 800 மைலுக்கு 30 கேலன், அதாவது 26.7. சட்டம் இப்படித்தான் கணக்குப் போடுகிறது. 27.5-ஐத் தொட வேண்டுமானால், ஐந்து பெரிய கார் விற்கும் கம்பெனி கூடவே ஆறு சின்ன கார் விற்றாக வேண்டும். சாதாரணமாகக் கூட்டி வகுக்கும் சராசரியாக இருந்திருந்தால் மூன்றே போதும். ஆக, நன்றாக மைலேஜ் தரும் காரை இன்னும் மேலே ஏற்றுவதைவிட, அதிகமாகக் குடிக்கும் காரைக் கொஞ்சம் அடக்குவதில்தான் லாபம் அதிகம். உள்ளே அதே இடம், வெளியே சின்ன உடம்பு என்று ஒரு குடும்பக் கார் கிடைத்தால் கம்பெனிக்குப் பிரச்சினை தீர்ந்தது. ஃப்ரண்ட் வீல் டிரைவ் அங்கேதான் உள்ளே நுழைகிறது.

சரி, இயந்திரமாக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ரியர் வீல் டிரைவில் இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும், அதன் பின்னால் கியர்பாக்ஸ், அங்கிருந்து காரின் அடியில் நீளமாக ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், கடைசியில் பின் ஆக்ஸிலில் கிரௌன், பினியன் என்ற ஜோடிப் பற்சக்கரம். சுழற்சி அங்கே 90 டிகிரி திரும்பியாக வேண்டும். அந்தத் திருப்பத்தில் ஹைப்பாய்டு கியர் எனப்படும் அந்த ஜோடியின் பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும், இன்ஜின் கொடுத்த சக்தியில் கொஞ்சம் அந்த உராய்வில் சூடாகப் போய்விடும் (அந்த ஜோடி இருக்கும், சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குத் தனி ஆயில் ஊற்றுவதற்கும் அந்த உராய்வே காரணம்). இன்ஜினைக் குறுக்குவாக்கில் வைத்த முன்சக்கரக் காரில் இந்தத் திருப்பமே இல்லை. இன்ஜினும் சக்கர அச்சும் ஒன்றுக்கொன்று இணையாகச் சுழல்கின்றன, இடையில் சாய்ந்த பல் கொண்ட சாதாரண ஹெலிக்கல் கியர்கள் போதும்.

இதில் மிச்சமாவது எவ்வளவு என்று கேட்டால், சில சதவீதம்தான். பெரிய ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஷாஃப்ட் போக நடுவில் திமில் மாதிரி எழும் டனல் வேண்டாம், பின் சீட்டுக்கு அடியில் கனமான டிஃபரன்ஷியல் வேண்டாம், குறுக்கே வைத்த இன்ஜினுக்கு நீளமான பானட்டும் வேண்டாம். 1959-இல் பிரிட்டனில் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி இதை உலகத்துக்கே காட்டிவிட்டது: பத்தடி நீளக் காரில் நான்கு பெரியவர்கள் உட்காரலாம். நீளம் குறைந்தால் இரும்பு குறையும், இரும்பு குறைந்தால் சின்ன இன்ஜின் போதும், சின்ன இன்ஜினுக்குச் சின்ன பிரேக் போதும், இப்படிச் சங்கிலியாகப் போகும். எடை 10% குறைந்தால் மைலேஜ் 6 முதல் 8% வரை கூடும் என்பது பொறியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

அதனால் எது எதைச் சேமித்தது என்று பிரித்துப் பார்க்காமல் முன்சக்கரத்துக்கு முழு மார்க் போடுவதை நான் ஏற்பதில்லை. ஜெனரல் மோட்டார்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977 மாடலில் அவர்கள் பெரிய செவ்ரலே கப்ரீஸ், இம்பாலா கார்களைச் சுருக்கினார்கள். சக்கர இடைவெளி (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடைத் தூரம்) 121.5 அங்குலத்திலிருந்து 116-க்கு இறங்கியது, எடையில் 600 பவுண்டுக்கு மேல் போனது, தலைக்கும் காலுக்கும் இடம் கூடவே செய்தது. இத்தனையும் ரியர் வீல் டிரைவாகவே! அடுத்து 1980 மாடலாக செவ்ரலே சைட்டேஷன் வந்தது, ரியர் வீல் நோவாவுக்குப் பதிலாக. இது ஃப்ரண்ட் வீல். நோவாவைவிட ஏறக்குறைய 20 அங்குலம் குட்டை, பல நூறு பவுண்டு லேசு. ஆனால் நோவாவின் அடிப்படை இன்ஜின் 4.1 லிட்டர் ஆறு சிலிண்டர், சைட்டேஷனில் இருந்தது 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர். மைலேஜ் கூடியதற்கு இன்ஜின் குறைந்தது ஒரு காரணம், எடை குறைந்தது ஒரு காரணம், கிரௌன் பினியன் இல்லாமல் போனது கடைசிக் காரணம். முன்சக்கரம் எடையைக் குறைக்க வழிவிட்டது என்று சொன்னால் சரி.

இன்னொன்று, மைலேஜோடு சம்பந்தமில்லாதது. இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து அடியிலிருந்து பாடியில் ஏற்றிவிடலாம் என்பதால் தொழிற்சாலையில் வேலை மிச்சம். 1981 மாடலாக கிரைஸ்லர் தன் கே கார்களையும், 1986 மாடலாக ஃபோர்டு டாரஸையும் முன்சக்கரத்தில் இறக்கியபோது இந்தச் சிக்கனமும் அவர்கள் கணக்கில் நிச்சயம் இருந்திருக்கும். சட்டம் இல்லாவிட்டாலும் பாதிக் கார்கள் இந்தப் பக்கம் வந்திருக்கும் என்பது என் கருத்து.

எதை இழந்தார்கள்? முன்சக்கரக் காரில் எடையில் 60 சதவீதமோ அதற்கு மேலோ முன்னால்தான். மழையிலும் பனியிலும் கிளம்ப அது உதவும், பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் லேசாகிவிடும். சைட்டேஷன் வகைக் கார்களில் பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்று அமெரிக்க அரசே 1983-இல் வழக்குப் போட்டது, 1987-இல் தீர்ப்பு ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சாதகமாக வந்தது என்பது வேறு விஷயம். தள்ளுவதும் திருப்புவதும் ஒரே ஜோடி டயர் என்பதால் முன் டயர் சீக்கிரம் தேயும், சக்தி வாய்ந்த இன்ஜின் போட்டு அழுத்தினால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். ரியர் வீலில் முன்சக்கரம் திரும்ப மட்டும்தான், நடுவில் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு தடுக்காததால் அது அதிகமாகத் திரும்பும், குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்ப வசதி. டிரெய்லர் இழுப்பதிலும் அதுதான் மேல், பின்னால் சுமை ஏறினால் தள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு கூடும். போலீஸும் டாக்ஸிக்காரர்களும் பெரிய ரியர் வீல் காரான ஃபோர்டு கிரௌன் விக்டோரியாவை 2011 வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது சும்மா இல்லை.

கிரௌன் விக்டோரியா அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததில் ஒரு தந்திரமும் உண்டு. உள்நாட்டுக் கார்களுக்குத் தனிச் சராசரி, இறக்குமதிக் கார்களுக்குத் தனிச் சராசரி என்பது விதி. 1990-களின் தொடக்கத்தில் ஃபோர்டு அதன் உதிரி பாகங்களில் கொஞ்சத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கி, உள்நாட்டுப் பங்கை 75 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, அந்த மகா அமெரிக்கக் காரை "இறக்குமதி" கணக்கில் சேர்த்துவிட்டது. சின்ன இறக்குமதிக் கார்களோடு சேர்ந்து சராசரியில் கரைந்துபோனது!

ஜெர்மன் கம்பெனிகளுக்கு அந்தத் தந்திரம்கூடத் தேவைப்படவில்லை. சராசரி இலக்கைவிட 0.1 மைல் குறைந்தால் விற்ற ஒவ்வொரு காருக்கும் 5 டாலர், பிறகு 5.50 டாலர், இதுதான் அப்போது அபராதம். ஒரு மைல் குறைந்தால் 50 சொச்சம் டாலர். விலையுயர்ந்த காரில் இது எந்த மூலைக்கு? பிஎம்டபிள்யூவும் மெர்சிடிஸும் கட்டிவிட்டு ரியர் வீலிலேயே தொடர்ந்தன. சாதாரணக் குடும்பக் காரிலிருந்து காணாமல் போன பின்சக்கரம் பணக்காரர்களின் அடையாளமாக மாறியதில் இந்தச் சில்லறை அபராதத்துக்குப் பங்கு உண்டு.

இன்னும் பெரிய ஓட்டை லைட் டிரக். 1996 முதல் 2004 வரை காருக்கு 27.5 மைல், லைட் டிரக்குக்கு 20.7 மட்டும். எஸ்யூவியும் மினிவேனும் டிரக் கணக்கு. 1996-இல் டெக்சஸின் ஆர்லிங்டன் தொழிற்சாலையில் ரியர் வீல் கப்ரீஸ் நின்றது, அதே கூரையின் கீழ் பெரிய எஸ்யூவிகள் வரத் தொடங்கின. அவையும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் உள்ளவைதான். பெரிய, பின்னால் தள்ளும் வண்டியை விரும்பியவர் அதைவிடக் கனமான வண்டிக்குப் போனார், சட்டம் மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கு அங்கே கரைந்தது. அப்புறம் வேடிக்கை என்னவென்றால், முன்சக்கரக் கிரைஸ்லர் பிடி குரூஸரும் சீட்டைக் கழற்றினால் தரை சமதளமாகிறது என்பதால் லைட் டிரக்.

2011 மாடலிலிருந்து கார்களுக்கும் கணக்கு மாறியது. இப்போது இலக்கு, கார் தரையில் பிடிக்கும் பரப்பைப் பொறுத்தது: சக்கர இடைவெளியை இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தால் பெருக்கி வருவது. பரப்பு கூடினால் இலக்கு தளரும். காரைச் சின்னதாக்கினால் இலக்கு கூடவே ஏறிவிடும் என்பதால், முன்சக்கரத்தின் பெரிய பலமான குட்டை உடம்புக்கு அந்தப் பழைய மரியாதை போய்விட்டது. 2018 மாடலாக வந்த டொயோட்டா கேம்ரி முன்சக்கரம், நீளம் 4,885 மில்லிமீட்டர், சக்கர இடைவெளி 2,825. அடுத்து வந்த பிஎம்டபிள்யூ 3 சீரீஸ் பின்சக்கரம், நீளம் 4,709 தான், ஆனால் இடைவெளி 2,851. நீளவாக்கில் இன்ஜின் வைக்க முன் ஆக்ஸிலை முன்னே தள்ளியதில் உடம்பு குறைந்தாலும் இடைவெளி கூடுகிறது. விதி பின்சக்கரத்துக்குச் சலுகை தர நினைக்கவில்லை, ஆனால் கணக்கு அந்தப் பக்கம் லேசாகச் சாய்கிறது.

2025 ஜூலையில் அபராதத்தையே பூஜ்யமாக்கிவிட்டார்கள். இலக்கு காகிதத்தில் இருக்கிறது, மீறினால் கட்ட ஒன்றுமில்லை.

இன்று பெட்ரோல் கார் வாங்கப் போகிறவருக்கு என் பதில்: ஒரே அளவு, ஒரே இன்ஜின் என்றால் ஃப்ரண்ட் வீல்தான் மைலேஜில் முந்தும், வழக்கமாகக் கொஞ்சம்தான். அதைவிட எடையையும் இன்ஜினையும் பாருங்கள். பேட்டரி காரில் கதையே வேறு. மோட்டார் சின்னது, எந்த ஆக்ஸிலிலும் வைக்கலாம், ஷாஃப்ட்டும் இல்லை, டனலும் இல்லை. டெஸ்லா மாடல் 3-இன் ஒற்றை மோட்டார் வகை பின்சக்கரம், வோல்வோகூடத் தன் எக்ஸ்சி40 ஒற்றை மோட்டார் பேட்டரி காரை முன்னிலிருந்து பின்னுக்கு மாற்றிவிட்டது. முன்சக்கரத்துக்கு மிச்சம் இருக்கும் ஒரு வாதம் பிரேக்: வேகம் குறையும்போது எடை முன்னால் சாய்வதால் முன் மோட்டாரால் அதிகச் சக்தியைத் திரும்பப் பிடித்து பேட்டரியில் போட முடியும், பின் மோட்டார் அதே வேலையை வழுக்கும் சாலையில் செய்தால் சக்கரம் சறுக்கும் என்பதால் கணினி அதைக் கொஞ்சம் அடக்கியே வைக்க வேண்டியிருக்கிறது.