கொப்பர் வயர் எண்டு சொல்லி 38,500 ரூபாய்: திருகோணமலை ஆக்கள் கவனம்

கோபத்திலதான் எழுதுறன். உவர்மலையில வீட்டுக்குப் பின்னால இருக்கிற வேலைக்கொட்டிலுக்குக் கரண்ட் இழுக்க 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு சேர்ந்தது), மண்ணிறம் ஒண்டு, நீலம் ஒண்டு, நூறு மீற்றர் எண்டு சொன்ன ரெண்டு கொயில். டவுனில மொத்தமா மின்சாமான் விக்கிற கடை. 38,500 ரூபாய். கடைப் பேரைப் போடேல்ல.

நம்பின இடம் இதுதான்: கவுண்டரில நிண்டவர் குறட்டால நுனியை வெட்டி, "அண்ணை, பாருங்க, சுத்தக் கொப்பர்" எண்டு காட்டினார். சிவப்பாத்தான் இருந்தது. மழுங்கின குறட்டால நசிச்சு வெட்டினா மேற்பூச்சு இழுபட்டு வெட்டின முகத்தையும் மூடிப்போடும். அதைக் கூர்க்கத்தியால சுரண்டியிருக்க வேணும். சுரண்டினா உள்ளுக்கு வெள்ளை. அலுமினியத்துக்குக் கொப்பர் பூசின கம்பி.

பிறகு நடந்தது: 2 குதிரைவலுக் கொம்பிரசர் போட்டா உறுமுது, சுத்தாது. 25 மீற்றர் தூரம், போய்வர 50. நல்ல கொப்பர் எண்டா வயரின்ர தடை ஏறக்குறைய 0.37 ஓம், ஸ்டாட்டில 50 அம்பியர் இழுத்தாலும் 18, 19 வோல்ற்தான் விழும். இதில 30 வோல்ற் கிட்ட விழுது. கிரைண்டர் ஓடிச்சு, ஆனா ஒரு கிழமைக்குள்ள பிளக் பேஸ் உருகின மணம். அலுமினியம் ஸ்குரூவுக்குக் கீழ நசிஞ்சு இளகும், மேல ஒக்சைட் படியும், பித்தளையோட சேர்ந்து நம்மட உப்புக்காத்தில இன்னும் கெதியா அரிக்கும். 20 அம்பியர் பிரேக்கர் விழேல்ல. ஏன் விழும்? கரண்ட் கூடேல்லையே, மூட்டுத்தான் எரியுது. 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சும் பேசாமத்தான் இருக்கும், ஏர்த்துக்கு ஒண்டும் கசியேல்ல.

கொயிலும் கட்டை. ஒவ்வொண்டிலயும் 25 போக 75 மிச்சம் வரவேணும், அளந்தா 66. நூறு மீற்றர் எண்டு சொல்லி நூறு யார் (கெஜம்), அதாவது 91 மீற்றர்தான் தந்திருக்கினம்! அந்த 66 மீற்றருக்குக் கொப்பர் எண்டா அரை ஓம் கிட்ட வரும். மல்ரிமீற்றரின்ர சொந்த வயர்த் தடையைக் கழிச்சும் 0.8 காட்டுது.

கடைக்குப் போனா, "பிரிச்ச கொயில் திருப்பி எடுக்கிறேல்ல." அடுத்த நாள், "முதலாளி கொழும்புக்குப் போயிட்டார்." மூண்டாம் நாள், "உங்கட வயரிங் பிழை, அண்ணை." வாட்ஸப்பில படம் அனுப்பினா நீலக் கோடு ரெண்டு, அவ்வளவுதான். பில்லில "வயர் 2" எண்டு மட்டும் கிடக்கு, பிராண்டும் இல்ல, அளவும் இல்ல. 38,500 ரூபாய்க்கு "வயர் 2"!

விவரமா எழுதத்தான் நினைச்சன், இப்ப இவ்வளவுதான் வருது. கொயிலைத் தராசில வைங்க: 7/0.67 நூறு மீற்றர், தோலோட 3 கிலோவுக்குக் குறையாது, இது 2 கிலோவும் வராது. காந்தம் வச்சுப் பாக்காதீங்க, அலுமினியமும் ஒட்டாது, கொப்பரும் ஒட்டாது. எஸ்எல்எஸ் (இலங்கைத் தரம்) முத்திரை வயரின்ர தோலிலயே அடிச்சிருக்கா எண்டு பாருங்க, பெட்டியில இருந்தா போதாது. பில்லில பிராண்ட், அளவு, மீற்றர், "கொப்பர்" எல்லாம் எழுதுவிச்சிட்டுக் காசைக் குடுங்க. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அதிகாரசபை 1977.

ஏற்கனவே இழுத்தவங்க மெயினை நிப்பாட்டிப் பிளக் பேசைக் கழட்டிப் பாருங்க, வயர்த் தோல் கறுத்திருந்தா உடன கழட்டுங்க. அதே கொயில் இண்டு காலமையும் அந்தக் கடை வாசல்ல தொங்குது.