மலை, மழை, மாலை: தமிழ்ப் பெயர்களுக்கு ஸ்லக் ஆக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

"தம்பி, மழையைப் பற்றி நான் எழுதித் தந்த கட்டுரையைத் திறந்தால் மலையைப் பற்றிய கட்டுரை வருகிறதே, ஏன்?" என்று தலவாக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். "பார்த்துச் சொல்கிறேன் சேர்" என்று தொலைபேசியை வைத்துவிட்டுத் தேடினேன். இரண்டு கட்டுரைகளின் இணைய முகவரியும் ஒரே ஐந்து ஆங்கில எழுத்துகளில் முடிந்தன: எம், ஏ, எல், ஏ, ஐ. இரண்டாவதாகப் பதிந்தது முதலாவதன் பின்னால் மறைந்துவிட்டது.

முகவரியின் அந்தக் கடைசித் துண்டைத்தான் ஸ்லக் என்கிறோம். தலைப்பிலிருந்து இடைவெளிகளையும் நிறுத்தக்குறிகளையும் நீக்கி, சொற்களைச் சிறுகோட்டால் இணைத்துச் செய்வது. மலையகத்து ஊர்கள், தோட்டங்கள், கோவில்கள், நீர்வீழ்ச்சிகள் பற்றி நண்பர்கள் நால்வர் ஹட்டனிலிருந்து நடத்தும் இணையத்தளம் எங்களுடையது. பதிவேற்றும் பகுதி பைதானில் இருக்கிறது. பழைய கட்டுரைகள் பிஎச்பியில் இருக்கின்றன. எழுதும்போதே முகவரியைக் காட்டும் முன்னோட்டம் ஜாவாஸ்கிரிப்டில் ஓடுகிறது. பக்கங்களைக் கட்டித் தருவது கோ மொழி நிரல். நான்கும் ஒரே தலைப்புக்கு நான்கு ஸ்லக் தந்துகொண்டிருந்தன. எந்த வழி தமிழுக்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தேன்.

முதல் வழி, அந்தந்த மொழியில் கிடைக்கும் ஆயத்தச் செயலியை அப்படியே எடுப்பது. ஜாங்கோ பைதானிலும் ரெயில்ஸ் ரூபியிலும் இணையத்தளம் கட்ட உதவும் சட்டகங்கள், வேர்ட்பிரஸ் பிஎச்பியில் எழுதப்பட்ட தள மென்பொருள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைக் கொடுத்தேன்: சிவனொளிபாதமலை.

ஜாங்கோ, இயல்பு நிலையில்: வெற்று
ஜாங்கோ, யூனிகோடை அனுமதித்தால்: சவனளபதமல
ரெயில்ஸ்: வெற்று
கோ மொழியில், எழுத்தும் இலக்கமும் அல்லாதவற்றைச் சிறுகோடாக்கினால்: ச-வன-ள-ப-தமல
வேர்ட்பிரஸ்: பெயர் முழுமையாக, ஆனால் 117 குறிகளில்

ஆயிரக்கணக்கானோர் இரவு முழுவதும் படியேறிப் போய்த் தரிசிக்கும் மலையின் பெயர் 'சவ' என்று தொடங்கி நிற்பதைப் பார்த்தபோது மனம் பொறுக்கவில்லை. வெற்றாக வந்தாலாவது பிழை உடனே கண்ணில் படும். இது பெயரைப் போலவே தோன்றி ஏமாற்றுகிறது.

காரணம் எளியது. நமக்கு 'சி' ஓரெழுத்து. யூனிகோடுக்கு அது இரண்டு: ச என்ற எழுத்து, அதன்மேல் இகரக் குறி. உரையில் எழுத்துக் கோலங்களைத் தேடப் பயன்படும் ரீஜெக்ஸில் 'சொல்லெழுத்து' என்பதற்குப் பின்சாய்கோடும் டபிள்யூவும் போடுகிறோம். பைதானில் அது எந்த மொழியின் எழுத்தையும் ஏற்கும், குறியை ஏற்காது. அதனால்தான் கொம்பும் காலும் புள்ளியும் உதிர்ந்துபோகின்றன. ஜாவாஸ்கிரிப்டிலும் கோ மொழியிலும் அதே அடையாளம் ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு ஆகியவற்றோடு நின்றுவிடும். ஜாவாவும் இயல்பில் அப்படித்தான். யூனிகோட் கொடி என்ற கூடுதல் அமைப்பை இட்டால் மட்டும் குறிகளையும் சேர்த்துக்கொள்ளும். ஓர் அடையாளத்துக்கு மூன்று பொருள் இருக்கும்போது நான்கு நிரல்கள் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதற்குப் பாதி மருந்து தேடுவது இன்னும் ஆபத்தானது. யூனிகோட் குறிகளை இடம் பிடிப்பவை, பிடிக்காதவை என்று பிரிக்கிறது. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காதவை. ா, ி, ு, ெ போன்றவை இடம் பிடிப்பவை. இணையத்தில் கிடைக்கும் ஒரு வரியை நகலெடுத்து இடம் பிடிக்காத குறிகளை மட்டும் அனுமதித்தால் மஸ்கெலியா 'மஸ்கலய' ஆகிறது. பிரெஞ்சு எழுத்தின் தலைக்குறியை நீக்குவதற்கென்று யாரோ எழுதிய வரியைச் சேர்த்தால், புள்ளி போய் ஹட்டன் 'ஹடடன' ஆகிறது.

இரண்டாவது வழி ஆங்கில எழுத்துக்கு மாற்றுவது. எங்கள் பழைய பிஎச்பிப் பகுதி ஐசியூ என்ற நூலகத்தைக் கொண்டு இதைத்தான் செய்தது. முகவரி குறுகும், எங்கும் உடையாது. ஆனால் கொடுக்கும் விலை பெரிது. ஐசியூ முதலில் தமிழை மேற்கோடு, கீழ்ப்புள்ளி இட்ட ரோமன் எழுத்துகளாகத் துல்லியமாகவே மாற்றுகிறது. அந்தக் கோடுகளையும் புள்ளிகளையும் உரிக்கும் அடுத்த படியில்தான் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகின்றன. ந, ன, ண ஒன்றாகின்றன, ர, ற ஒன்றாகின்றன, தவும் டவும் ஒன்றாகின்றன. நெடிலும் குறிலாகிவிடுகிறது. மலை, மழை, மாலை மூன்றும் அந்த ஐந்தெழுத்துக்குள் போய் அடங்கியது இப்படித்தான். மலையும் மழையும் தலைப்பில் அடிக்கடி வரும் எங்கள் தளத்துக்கு இது தாங்காது.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஹட்டன் ரயில் நிலையப் பலகையில் ஆங்கிலப் பெயரின் கடைசி உயிர் 'ஓ'. ஐசியூ தருவதோ 'ஏ'. வாசகர் பழகிய ஆங்கில வடிவமும் கிடைப்பதில்லை, தமிழும் கிடைப்பதில்லை. பைதானில் இதே வேலையைச் செய்யும் யூனிடீகோட் என்ற நூலகம் வேறு பாதையில் போகிறது. ழகரத்துக்கு மூன்று 'எல்' போட்டு மலையையும் மழையையும் பிரித்துக் காட்டும், ஆனால் மெய்யோடு கலந்த அகரத்தை விட்டுவிடும். உலாவியின் ஜாவாஸ்கிரிப்டில் ஐசியூவின் இந்த எழுத்துமாற்று வசதி கிடைப்பதே இல்லை. ஆக, பிஎச்பியும் பைதானும் முன்னோட்டமும் ஒத்துப்போகவே மாட்டா.

மூன்றாவது, தமிழைத் தமிழாகவே வைத்து, விதியை நாமே வெளிப்படையாக எழுதுவது. என் மனம் இதில்தான் நின்றது. எழுத்து, குறி, எண் என்ற மூன்று யூனிகோட் வகைகளையும் முழுமையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சிறுகோடாக்க வேண்டும். பின்சாய்கோடு டபிள்யூவை எங்குமே தொடக் கூடாது. கோவும் ஜாவாவும் இந்த வகைகளை நேரடியாகவே ஏற்கின்றன. ஜாவாஸ்கிரிப்டும் பிஎச்பியும் யூ கொடியோடு ஏற்கின்றன. பைதானின் உள்ளமைந்த ரீஜெக்ஸுக்கு மட்டும் இந்த வகைப்பெயர்கள் தெரியா. அங்கே ஒவ்வோர் எழுத்தின் வகையையும் யூனிகோட் தரவு மாட்யூலிடம் கேட்டு வடிகட்டினேன்.

அதற்கு முன் ஒரு படி இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது. கொட்டகலையின் 'கொ' இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். ஒன்றில் ஒகரக் குறி ஒரே அலகு, அதாவது யூனிகோடில் தனி எண் பெற்ற ஓர் உருப்படி, மற்றதில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு எட்டு அலகும் ஒன்பது அலகும். எங்களிடம் பழைய கட்டுரைகளில் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு, பிறகு யூனிகோடுக்கு மாற்றப்பட்டவை. அந்த மாற்றத்தில் இந்த ஒன்பது அலகு வடிவம் நிறைய வந்திருந்தது. என்எஃப்சி என்ற சீராக்கத்தை முதலில் ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட், பைதான், ஜாவா மூன்றிலும் அது உள்ளேயே இருக்கிறது. பிஎச்பிக்கு 'இன்ட்எல்' (intl) நீட்டிப்பும், கோவுக்கு நோர்ம் பொதியும் வேண்டும்.

ஆனால் என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. மௌசாக்கலை நீர்த்தேக்கத்தின் பெயரைப் பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமுமாக 'மெளசாக்கலை' என்று தட்டுகிறார்கள். ளகரம் உண்மையான எழுத்து என்பதால் சீராக்கம் அதைத் தொடாது. ஸ்ரீயும் அப்படித்தான்: ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. கோவில் பெயர்களில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. இவற்றை விதியால் திருத்தப் போகாமல் தரவிலேயே கையால் திருத்தினேன். அட்டன், ஹட்டன் போன்ற இரட்டை வழக்குகளுக்கு மாற்றுப்பெயர்ப் பட்டியல் ஒன்று போதும்.

சிங்களப் பக்கங்களுக்கு ஒரு விதிவிலக்கு தேவைப்பட்டது. சிங்களத்தில் ஸ்ரீ எழுதும்போது நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்பு அலகு ஒன்று வருகிறது. அது எழுத்துமல்ல, குறியுமல்ல. எங்கள் விதி அதை எடுத்தெறிந்துவிட்டது, கூட்டெழுத்து பிரிந்துபோயிற்று. சிங்களத்துக்கு மட்டும் அதை அனுமதித்தோம்.

ஆங்கிலத் தலைப்புகளில் சிக்கல் குறைவு. 'ஆடம்ஸ் பீக்' என்பதில் ஆங்கில 'எஸ்'ஸுக்கு முன் வரும் மேற்கோளை ஜாங்கோ நீக்கிவிடுகிறது, ரெயில்ஸ் சிறுகோடாக்கி 'எஸ்'ஸைத் தனியே நிறுத்துகிறது. நீக்குவதே நல்லது.

தமிழ் ஸ்லக்குக்கு எதிராகச் சொல்லப்படும் குறை உண்மையானது. யூனிகோடைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ் அலகும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று குறிகளாகும். ஆகவே ஓர் அலகுக்கு 9 குறிகள். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது இந்த நீண்ட சங்கிலி வந்து விழுவதுண்டு. வேர்ட்பிரஸில் ஸ்லக்குக்கு 200 குறிகள்தான் இடம், தமிழுக்கு 22 அலகுகளே கொள்ளும். 'நுவரெலியா மாவட்ட நீர்வீழ்ச்சிகள்' என்ற தலைப்பு அங்கே 'நுவரெலியா-மாவட்ட-நீர்வீழ' என்று நின்றுவிடும். ஆகவே பெயருக்கு முன்னால் கட்டுரை எண்ணையும் வைத்தோம். பக்கத்தைத் திறப்பது எண், வாசகருக்குச் சொல்வது பெயர். பின்பாதி அறுந்தாலும் பக்கம் திறக்கும்.

நான்காவது வழியும் இருக்கிறது: ஒரே இடத்தில் ஒரே தடவை ஸ்லக்கை ஆக்கி, தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, மற்ற மொழிகள் அதை வாசிக்க மட்டும் செய்வது. முரண்பாடு பிறக்கவே வழியில்லாததால் முடிந்தவர்கள் இதையே செய்யுங்கள் என்பேன். நாங்களும் மூன்றாவது விதியைப் பைதானில் மட்டும் வைத்து, பிஎச்பியையும் கோ மொழியையும் வாசிப்பவையாக்கினோம். ஆனால் எழுதுபவர் தலைப்பைத் தட்டும்போதே முகவரியைக் காட்ட வேண்டிய முன்னோட்டம் சர்வரைக் காத்திருக்க முடியாது. மலைப்பக்கத்து இணைய இணைப்பில் அது முடிகிற காரியமுமல்ல. ஆகவே ஜாவாஸ்கிரிப்டிலும் அதே விதி வேண்டியிருந்தது.

இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது ஒரு சாதாரண உரைக்கோப்பு. இடப்பக்கம் தலைப்பு, வலப்பக்கம் வர வேண்டிய ஸ்லக். பைதானின் சோதனையும் ஜாவாஸ்கிரிப்டின் சோதனையும் அதே கோப்பைத்தான் படிக்கின்றன. ஒரு வரி பிசகினாலும் புதிய பதிப்பு வெளியே போகாது. எட்டு அலகுக் கொட்டகலையும் ஒன்பது அலகுக் கொட்டகலையும் அதில் அடுத்தடுத்த வரிகள். மலை, மழை, மாலை மூன்று வரிகள்.

ஆசிரியரின் மழைக் கட்டுரைக்கு இப்போது அதன் சொந்த முகவரி இருக்கிறது. பழைய ஐந்தெழுத்து முகவரியை எங்கே திருப்பிவிடுவது என்பதுதான் யோசிக்க வைத்தது. அதை யார் எந்தக் கட்டுரைக்காகப் பகிர்ந்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் அந்த முகவரியில் சிறு பக்கம் ஒன்று வைத்திருக்கிறோம். மலை, மழை, மாலை என்று மூன்று இணைப்புகள் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன.