மூடிப்போன ஒரு இசைத்தட்டுக் கடைக்கு விமர்சனம்

கடையே இல்லை, விமர்சனம் எதற்கு என்று கேட்பீர்கள். பழைய எல்.பி. தட்டுகளை, அதாவது நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டுகளை, இப்போது மறுபடியும் தேடித்தேடி வாங்குகிறார்கள். விற்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தக் கடைக்காரர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

அங்கே எந்தத் தட்டையும் கேட்டுப் பார்த்து வாங்கலாம். எல்லோரும் முதல் பாட்டைப் போடச் சொல்வார்கள். அவரோ முள்ளை நேராகக் கடைசிப் பாட்டில் கொண்டுபோய் வைப்பார். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே கணக்கில் சுற்றினாலும், உள்ளே போகப்போக வட்டம் சிறுத்துவிடும். ஓரத்தில் ஒரு விநாடிக்கு முள் கடக்கும் தூரத்தில் பாதிகூட அங்கே கிடையாது. அந்தக் கொஞ்ச இடத்தில் அத்தனை ஒலியும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால், தேய்ந்த தட்டு முதலில் அங்கேதான் கரகரக்கும். 'ச', 'ஷ' வரும் இடங்களைக் கவனிக்கச் சொல்வார்.

அப்புறம் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். குறுக்கே கீறல் இருந்தால் சுற்றுக்கு ஒரு 'டிக்', அதாவது 1.8 விநாடிக்கு ஒன்று. ஐந்தாறு தடவை கேட்டு நின்றுவிட்டால் பரவாயில்லை. பாட்டு முழுக்க வந்தால் விற்கவே மாட்டார். அட்டை புத்தம் புதிதாக மின்னினாலும் லேபிளின் நடுத்துளையை உற்றுப் பார்ப்பார். அதைச் சுற்றி மெல்லிய கோடுகள் தெரிந்தால், "நிறையப் பேர் கை பட்டது, தம்பி" என்று விலையை அவரே குறைத்துவிடுவார். இப்படி ஒரு வியாபாரி!

குறை இல்லாமல் இல்லை. தட்டுகளை அடுக்கிய வரிசை அவருக்கு மட்டுமே புரியும். கேசட்டுகள் வெயில் படும் ஜன்னலோரம் கிடந்தன. அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டை எல்.பி. ஊசியில் போடச் சொன்னால் முறைப்பார், பதில் வராது. அதன் பள்ளம் அகலம், அதற்கு ஊசியே வேறு என்பதை நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாங்கிப்போன தட்டு வீட்டில் எகிறுகிறது என்று திரும்பக் கொண்டுவருகிறவர்களிடம், முள் தட்டை அழுத்தும் எடையை எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார். தட்டு தேயக் கூடாதென்று எடையைக் குறைத்திருப்பார்கள். முள் பள்ளத்தில் உட்காராமல் துள்ளி, அதுவே தட்டைக் கெடுத்துக்கொண்டிருக்கும். எடையைச் சரிசெய்த பிறகும் எகிறினால், மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்.