எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டக்ட் ட்ரோன் ஃபிரேம்: ஆறு மாதம் பறக்கவிட்ட பிறகு

பெங்களூரு அல்சூரில் கல்யாண வீடியோ எடுக்கும் என் மச்சானுக்காகத்தான், ஒவ்வொரு ரெக்கையையும் சுற்றி டக்ட் என்கிற வளையம் உள்ள இந்த ஃபிரேமை வாங்கினேன். மண்டபத்துக்குள் கூட்டத்தின் தலைக்கு மேலே, பூப்பந்தலுக்குக் கீழே நுழைந்து வருகிற ட்ரோன் அவனுக்கு வேண்டும். ரெக்கை வெளியே தெரிகிற ட்ரோனை அங்கே பையிலிருந்து எடுக்கவே கூடாது, குழந்தைகள் கை நீட்டுவார்கள். முழு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை, பாகங்களுக்குத் தடை இல்லை, அதனால் 2.5 இன்ச் ரெக்கைக்கான ஃபிரேம், மோட்டார், போர்டு எல்லாம் தனித்தனியாக வாங்கி நானே சால்டர் செய்தேன். ஃபிரேம் மட்டும் 2,300 ரூபாய். பேட்டரி, கேமராவோடு 236 கிராம். 250-க்குள் இருப்பதால் நானோ வகை, பைலட் சான்றிதழ் தேவையில்லை.

"ரிங் போட்டா தூக்குற சக்தி கூடும் சார், பேட்டரியும் ரொம்ப நேரம் நிக்கும்" என்றார் கடைக்காரர். ஏட்டுக் கணக்கில் அது சரிதான். திறந்தவெளியில் சுழலும் ரெக்கை கீழே தள்ளுகிற காற்று போகப்போகச் சுருங்கி, ரெக்கை வட்டத்தில் பாதிப் பரப்புக்கு வந்துவிடும். நல்ல டக்ட் அந்தச் சுருக்கத்தைத் தடுக்கும். அதே விட்டம், அதே சக்தியில், நின்ற இடத்தில் பறக்கும்போது 26 சதவீதம் வரை கூடுதல் விசை கிடைக்கலாம். அப்போது மொத்த விசையில் பாதியைத் தாங்குவது ரெக்கை அல்ல, டக்டின் மேல் உதட்டில் காற்று வளைந்து உள்ளே இறங்கும்போது உண்டாகிற உறிஞ்சல்தான். அதற்கு உதடு தடிமனாக, உருண்டையாக இருக்க வேண்டும், ரெக்கை நுனிக்கும் சுவருக்கும் இடைவெளி விட்டத்தில் ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இந்த ஃபிரேமில் அளந்து பார்த்தேன்: 63 மி.மீ. ரெக்கைக்கு 1.5 மி.மீ. இடைவெளி, உதடோ தட்டையான பிளாஸ்டிக் விளிம்பு. இதை டக்ட் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ரெக்கைக்குப் போட்ட வேலி.

நாலு வளையமும் சேர்ந்து 38 கிராம். அதைச் சுமக்கவே சக்தி போகிறது. அதே மோட்டார், அதே பேட்டரியை வளையம் இல்லாத ஃபிரேமில் மாட்டினால் ஆறரை நிமிடம், இதில் நாலே முக்கால். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ரெக்கையை 2.5-லிருந்து 3.5 இன்ச் ஆக்கினாலே டக்ட் இல்லாமல் அந்த 26 சதவீதம் கணக்கில் வந்துவிடும். தூக்கும் சக்திக்காக இதை வாங்க நினைப்பவர்கள் பெரிய ரெக்கை வாங்குங்கள்.

ஆனால் மண்டபத்துக்குள் இது தங்கம். தூணில் உரசினாலும் விழாமல் விலகிப் போகிறது, வாழை மரத் தோரணத்தில் இரண்டு முறை மோதியும் ஒரு ரெக்கைகூட உடையவில்லை. சத்தம் மட்டும் மிக்ஸி போல் கூர்மையாக இருக்கிறது. கெட்டிமேளத்தில் தெரியாது, அப்புறம் பெரியவர்கள் ஆசீர்வாதம் செய்யும்போது நன்றாகக் கேட்கும், அந்த நேரத்தில் இறக்கிவிடுகிறோம்.

வெளியே கதை வேறு. அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில், முன் அனுமதி வேண்டாத பச்சை மண்டலம் பார்த்து, ஹொசகோட்டைப் பக்கம் ஒரு வெட்டவெளியில் மதியக் காற்றில் விட்டேன். எதிர்க்காற்றில் முன்பக்க வளையத்தின் உதட்டில் இழுப்பு கூடி மூக்கு மேலே எழும்புகிறது, அதைக் கீழே அழுத்தவே மோட்டார் திணறுகிறது, வேகமாக இறக்கினால் தான் கீழே தள்ளிய காற்றிலேயே விழுந்து ஆடுகிறது. மூன்று நிமிடத்தில் பேட்டரி எச்சரிக்கை வந்துவிட்டது.

நாலாவது மாதம் ஒரு வளையம் ஸ்க்ரூ துளையருகே விரிசல் விட்டது. மாற்று செட் 700 ரூபாய். விரிசல் விட்ட வளையம் உள்பக்கமாக வளைந்து ரெக்கையைத் தொடும், அதனால் ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் ரெக்கையைக் கையால் ஒரு சுற்று சுற்றி, எங்கேயாவது உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள், முக்கியமாகக் கீழே ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது.