காய்ந்த லாவெண்டர்: சுருக்குப் பையா, கிண்ணமா, மெழுகுவர்த்தியா?

காய்ந்த லாவெண்டரை வைத்து வீட்டில் செய்ய எத்தனையோ இருந்தாலும் பலரும் யோசிப்பது மூன்றைத்தான்: துணிச் சுருக்குப் பை, கிண்ணத்தில் திறந்து வைக்கும் பாட்பூரி என்ற காய்ந்த பூக் கலவை, வாசனை மெழுகுவர்த்தி. நான் கடைசியில் நிலைத்தது சுருக்குப் பையில். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

மெழுகுவர்த்தியை முதலில் முடித்துவிடலாம். நான் அதிகம் செய்ததில்லை. ஆனால் பூவை மட்டும் மெழுகில் போட்டால் பெரிதாக மணக்காது. லாவெண்டர் எண்ணெய் தனியே சேர்க்க வேண்டும். மேலே தூவிய பூ உருகிய மெழுகில் மிதந்து திரியோரம் வந்தால் பற்றிக்கொள்ளும். வெறும் அலங்காரத்துக்கு எதற்கு இந்த வம்பு?

பாட்பூரி பார்க்க அழகு. ரோஜா இதழ், ஆரஞ்சுத் தோல் என்று கலந்து வைக்கலாம், ஊசி நூல் வேலையும் இல்லை. சிக்கல் பராமரிப்பில்தான். லாவெண்டரின் மணம் இருப்பது பெரும்பாலும் பூவைத் தாங்கும் சிறு குழல் போன்ற புல்லிவட்டத்தில். அதன் மேல் வரிவரியாக ஓடும் மேடுகளுக்கு இடையே, மயிர்களுக்குள் ஒளிந்திருக்கும் நுண்ணிய சுரப்பிகளில்தான் எண்ணெய் இருக்கிறது. இரண்டு மொட்டுகளை விரலிடையே நசுக்கினால் லேசாகப் பிசுபிசுக்கும், மணம் குப்பென்று வரும். திறந்த கிண்ணத்தில் காற்றும் வெளிச்சமும் பட்டு அந்த எண்ணெய் சீக்கிரம் போய்விடுகிறது, கூடவே தூசியும் படிகிறது. ஐரிஸ் கிழங்குப் பொடி சேர்த்தால் மணம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் தூசி படிந்த பூவைக் கழுவவா முடியும்?

சுருக்குப் பைக்கு இந்தத் தொல்லை இல்லை. அலமாரி இருட்டில் கிடக்கும். மணம் மங்கினால் கையில் எடுத்துக் கசக்கினால் போதும், உடையாமல் மிச்சமிருக்கும் சுரப்பிகள் உடைந்து மறுபடி மணக்கும். அதனால்தான் பையைத் திணித்து நிரப்பக் கூடாது, பூ உள்ளே புரள இடம் வேண்டும். வாயைத் தைத்து மூடாமல் நாடாவால் கட்டுங்கள். கசக்கியும் பலனில்லை என்ற நிலை வரும்போது பழையதைக் கொட்டிப் புதுப் பூ போடலாம், இல்லையென்றால் சில சொட்டு எண்ணெய் விட்டுக் குலுக்கலாம். எண்ணெய் விட்டால் உடனே துணிகளுக்கு நடுவே வைக்காதீர்கள், கறை படியும். பைக்கு நெருக்கமாக நெய்த பருத்தித் துணி நல்லது. ஆர்கன்சா என்ற மெல்லிய சல்லாத் துணி பளபளக்கும், ஆனால் கசக்கும்போது தூள் வெளியே கொட்டும். அப்புறம், பூ முறுமுறுவென்று காய்ந்திருக்க வேண்டும், ஈரம் இருந்தால் பூஞ்சை வந்துவிடும்.

துணிப்பூச்சியை விரட்டும் என்று காலகாலமாக வைக்கிறார்கள். அதை மட்டும் நம்பிக் கம்பளித் துணியை விட்டுவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

விருந்தினர் வரும் அன்றைக்கு மட்டும் மேசையில் அழகாக எதாவது வேண்டுமென்றால், சரி, கிண்ணம்தான். பூனையோ நாயோ இருக்கும் வீட்டில் அதற்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். லாவெண்டரைத் தின்றால் அவற்றுக்கு ஆகாது.