புதுச்சேரியில் நிழலும் ஒரு பெஞ்சும்: பாரதி பூங்கா முதல் ஊசுடு ஏரி வரை

போன வருடம் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. பத்து நிமிடம் நடக்கட்டும், அஞ்சு நிமிடம் உட்காரட்டும், திரும்ப நடக்கட்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கேட்கும்போது ஒன்றுமில்லாதது போலத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ரெட்டியார்பாளையம் பக்கம் பத்து நிமிடம் நடந்தால் உட்கார ஒரு திண்ணைகூடக் கிடையாது, நடைபாதை முழுக்க பைக் நிற்கும், மெயின் ரோட்டில் பஸ் உரசிக்கொண்டு போகும். வீட்டில் ஏழு வயதுப் பையன் வேறு, சாயங்காலம் ஆனால் அவனுக்கு ஓட இடம் வேண்டும். அதனால் இந்த ஒரு வருடத்தில் புதுச்சேரியில் இருக்கிற பூங்கா, பீச், ஏரி என்று எல்லா இடத்துக்கும் இவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். நான் பார்த்தது நாலு விஷயம்: அம்மா உட்கார நிழலில் இடம் இருக்கிறதா, பையன் விழுந்தாலும் பெரிதாக அடிபடாத தரை இருக்கிறதா, கழிப்பறை திறந்திருக்கிறதா, இருட்டின பிறகு பயமில்லாமல் இருக்கலாமா.

முதலில் பாரதி பூங்கா. பக்கத்திலேயே ஆளுநர் மாளிகை, சட்டமன்றம், ரோமன் ரோலண்ட் நூலகம் எல்லாம் இருப்பதால் சுற்றிலும் எப்போதும் ஆள் நடமாட்டம் இருக்கும். இருந்தாலும் உள்ளே நாலு அடி வைத்ததும் வெயில் குறைந்துவிடும். ஏப்ரல் மாத மத்தியானம் மூன்று மணிக்குக்கூட பெரிய மரங்களுக்குக் கீழே இருக்கிற பெஞ்சில் அம்மாவால் உட்கார முடிந்தது, இந்த ஊரில் அது சாதாரண விஷயமில்லை. நடைபாதைகள் நடுவில் இருக்கிற மண்டபத்தை நோக்கி வருகின்றன, வழியில் பெஞ்சுகள், அதனால் டாக்டர் சொன்ன கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பக்கம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், ஒரு பக்கம் பெரியாஸ்பத்திரியில் யாரையோ சேர்த்துவிட்டு வந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற கிராமத்துக் குடும்பம், புல்லில் துண்டை விரித்துப் படுத்திருக்கிற பெரியவர். காசு கேட்க ஆளில்லை, எழுந்து போகச் சொல்லவும் ஆளில்லை. நகரத்தின் நட்ட நடுவில் இப்படி ஒரு இடம் இருப்பதற்கு நான் மனசார நன்றி சொல்வேன்.

அந்த நடு மண்டபம்தான் ஆயி மண்டபம், புதுச்சேரி அரசு முத்திரையில் இருப்பதும் இதுதான். சுற்றுலா வருகிறவர்கள் வெள்ளைத் தூணுக்கு முன்னால் போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், ஆனால் இதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் கதை இருக்கிறது, அதை அம்மாதான் பையனுக்குச் சொன்னாள். கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்த ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்கிற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொல்லிவிட்டாராம். அவள் நானே இடிக்கிறேன் என்று கேட்டு வாங்கி, வீடு இருந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டினாளாம். இதுவரைக்கும் செவிவழிக் கதை. ரொம்ப காலம் கழித்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதிக்கு நல்ல தண்ணீர் போதவில்லை என்று முத்திரையர்பாளையத்திலிருந்து இங்கே தண்ணீர் கொண்டுவந்தார்கள், அதற்கு நினைவாகக் கட்டியதுதான் இந்த மண்டபம். முத்திரையர்பாளையம் எங்கள் வீட்டுப் பக்கம்தான். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் இந்த இடம் செழித்தது, இன்றைக்கு நிழலுக்கு நாங்கள் டவுன் பஸ் பிடித்து இங்கே வருகிறோம் என்று அம்மா சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

சரி, குறையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் பெஞ்ச் கிடைக்காது, வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது. சென்னை, பெங்களூர் வண்டிகள் எல்லாத் தெருவையும் அடைத்துக்கொண்டு நிற்கும். குழந்தைகள் விளையாடும் பக்கத்தில் ஊஞ்சலுக்குப் பெரிய பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள், சின்னப் பிள்ளைக்கு முறை வருவதற்குள் இருட்டிவிடும். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடுங்கள். செவ்வாய், புதன் மாதிரி நாளில் நாலு மணிக்குப் போனால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

இங்கிருந்து கிழக்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் கடல். பீச் ரோட்டைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது, இருந்தாலும் உள்ளூர்க்காரியாக எனக்குச் சொல்ல இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரைக்கும் வண்டி விடமாட்டார்கள். ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்கு ஒரு முழுச் சாலை நடக்கிறவர்களுக்கே கிடைக்கிறது. அம்மா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ரோட்டின் நடுவிலேயே நடப்பாள், பின்னால் ஹாரன் அடிக்க யாரும் இல்லை, அந்த நிம்மதி அவள் முகத்தில் தெரியும். கால் வலித்தால் கடல் பக்கத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துகொள்ளலாம். பையன் காந்தி சிலை பக்கம் போய்விடுவான். சிலையைச் சுற்றி நிற்கிற எட்டுக் கல்தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள், அவனுக்கு அவை கண்ணாமூச்சி ஆட மட்டும்தான். பக்கத்தில் காந்தி திடலில் பிள்ளைகள் ஸ்கேட்டிங் பழகுவார்கள். 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கமும் அங்கேதான் இருக்கிறது. சுண்டல், மாங்காய், சுட்ட சோளம், அப்புறம் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர், அவனுக்கு ஒரு சாயங்காலத்துக்கு இது போதும்.

பெண்களுக்காக ஒன்று சொல்கிறேன். ராத்திரி ஒன்பதரை, பத்து மணிக்கும் நானும் என் தோழியும் அந்தச் சுவரில் தனியாக உட்கார்ந்து பேசியிருக்கிறோம், சுற்றி அவ்வளவு குடும்பங்கள் இருக்கும். ராத்திரி பத்து மணிக்குப் பெண்கள் இப்படி உட்கார முடிகிற பொது இடம் எத்தனை ஊரில் இருக்கிறது? எனக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே பீச் ரோட்டின் மேல் தனி அன்பு.

நிழல் மட்டும் கிடையாது. கடல் கிழக்கில் இருப்பதால் காலை ஏழு மணிக்கே வெயில் முகத்தில் அடிக்கும். மாறாக நாலரை மணிக்கு மேல் மேற்குப் பக்கக் கட்டடங்களின் நிழல் ரோட்டில் விழ ஆரம்பித்துவிடும். வயசானவர்களை விடியற்காலையில் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் சாயங்காலம், நடுவில் வேண்டவே வேண்டாம்.

மணலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தலைமுறைக்கு இது பெரிய விஷயம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இங்கே கருங்கல் குவியல்தான், மணல் இருந்தது என்று அம்மா சொன்னால் நம்பமாட்டேன். இந்தக் கரையில் கடல் மணல் வருடத்தில் பெரும்பாலான மாதம் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். தெற்கே துறைமுகத்துக்காகக் கல் போட்டுக் கடலுக்குள் நீட்டியதும் வருகிற மணல் அங்கேயே நின்றுவிட்டது. இங்கே இருந்த மணலைக் கடல் கொண்டுபோனது, வந்து நிரப்பப் புது மணல் இல்லை. கரை கரையாமல் இருக்க கருங்கல்லைக் கொட்டினார்கள். பிறகு 2018, 19 வாக்கில் சென்னையில் இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்து ஆட்கள் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் இரும்பில் செய்த பெரிய ஆப்பு மாதிரியான ஒரு அமைப்பை இறக்கினார்கள். அலையின் வேகத்தை அது குறைக்க, மணல் திரும்ப வந்து சேர்ந்தது. அந்த மணலில் என் பையன் வீடு கட்டி விளையாடியதை அம்மா சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், கிளம்பலாம் என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தாள். ஆனால் தயவுசெய்து யாரும் அங்கே குளிக்க இறங்காதீர்கள். மணல் இருக்கிறது என்றால் கடல் சாது ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை, அலை காலை வாரிக்கொண்டு போய்விடும். வெளியூரிலிருந்து வருகிற பையன்கள் எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்திலேயே சட்டையைக் கழற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தாவரவியல் பூங்கா பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்தது, இந்த மண்ணில் எந்தப் பயிர், எந்த மரம் வரும் என்று நட்டுப் பார்ப்பதற்காக. பெரோத்தே என்கிற தாவரவியலாளர் எங்கெங்கிருந்தோ செடிகளைக் கொண்டுவந்து இதை வளர்த்தார், 1870இல் இதே புதுச்சேரியில்தான் காலமானார். அப்பா இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை என்றால் இங்கேதான் வருவோம், குட்டி ரயிலில் ஏறுவதற்காகவே நான் சனிக்கிழமை வீட்டுப்பாடத்தை முடிப்பேன். ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள், நம்பிக்கையோடு போய்ப் பிள்ளை அழுது திரும்ப வேண்டாம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கரையைக் கடந்த மறுநாள் இந்த ஊர்த் தெருக்களில் மரங்கள் விழுந்து கிடந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு எங்கே பழைய மரத்தைப் பார்த்தாலும் தொட்டுவிட்டுத்தான் வருவேன். நடக்கிறவர்களுக்கு இங்கே பாரதி பூங்காவைவிட இடம் அதிகம், கூட்டமும் குறைவு. ஆனால் இருட்டினால் உள்ளே பல மூலைகளில் ஆள் நடமாட்டம் இருக்காது, நான் ஐந்து மணிக்கு மேல் அம்மாவை அங்கே தனியாக விடமாட்டேன்.

சுண்ணாம்பாறு படகுத்துறை கடலூர் ரோட்டில் எட்டு கிலோமீட்டர். ஆற்றில் படகில் போய்க் கடற்கரைத் திட்டில் இறங்கலாம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், முழங்கால் வலிக்காரர்களுக்குப் படகில் ஏறி இறங்குவது கஷ்டம். செலவும் கொஞ்சம் ஆகும். வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

ஊசுடு ஏரி வேறு மாதிரி. டவுனிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, பாதி புதுச்சேரியிலும் பாதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. புதுச்சேரிப் பக்கத்தை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், தமிழ்நாடு தன் பக்கத்தைப் பிறகு அறிவித்தது. டிசம்பர், ஜனவரியில் காலை ஆறரைக்குக் கரையில் நின்றால் நாமக்கோழிக் கூட்டம் தண்ணீரில் கறுப்புப் புள்ளியாய் மிதக்கும், கூழைக்கடா ஒன்றிரண்டு பறந்துவந்து இறங்கும். பையன் முதல் தடவையாக அரை மணி நேரம் பேசாமல் நின்றது அங்கேதான். படகு இருக்கிறது, ஆனால் எனக்குக் கரையில் நின்று பார்ப்பதே பிடித்திருக்கிறது. உட்கார வசதி குறைவு என்பதால் அம்மாவுக்கு வீட்டிலிருந்து மடக்கு நாற்காலி எடுத்துப் போனோம். பிளாஸ்டிக் கவரையும் பாட்டிலையும் கரையில் போட்டுவிட்டுப் போகிறவர்களைக் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு நகர்ப் பூங்கா. பெயர் வேண்டாம், ஏனென்றால் இப்படி ஒன்று எல்லார் வீட்டுக்குப் பக்கத்திலும் இருக்கும். திறந்த புதிதில் எல்லாம் பளபளவென்று இருந்தது. இரண்டு வருடத்தில் உடற்பயிற்சிக் கருவியில் பாதி இறுகிப்போய் அசையவில்லை. ஊஞ்சல் சங்கிலியில் துரு ஏறி, பையன் உள்ளங்கை கிழிந்து, நான் அவனைத் தூக்கிக்கொண்டு டிடி ஊசி போட ஓடினேன். கழிப்பறைக்குப் பூட்டு, சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். அம்மா வயசுக்காரர்கள் அதனாலேயே தண்ணீர் குடிக்காமல் பூங்காவுக்கு வருகிறார்கள், இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. மரமும் இல்லை. புல்தரைக்கும் டைல்ஸுக்கும் செலவு செய்தவர்கள் ஓரமாய் நாலு வேம்பு நட்டிருந்தால் இந்நேரம் தலைக்கு மேல் வளர்ந்திருக்கும்.

ஆனாலும் நாங்கள் வாரத்தில் ஐந்து நாள் போவது இந்தப் பூங்காவுக்குத்தான். பஸ் ஏற வேண்டாம், அம்மா தன் காலாலேயே நடந்து போகலாம். சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தச் சின்ன வட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள், அம்மாவுக்காக ஒரு பெஞ்சை விட்டுவைக்கிறார்கள். போன மாதம் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம்: ஊஞ்சல் சங்கிலியை மாற்ற வேண்டும், கழிப்பறை திறந்திருக்க வேண்டும், சுற்றுச்சுவர் ஓரம் மரம் வேண்டும். சங்கிலி மாற்றிவிட்டார்கள். மரத்துக்குக் காத்திருக்காமல் எதிர்வீட்டு அக்கா இரண்டு புங்கங்கன்று வாங்கிவந்து நட்டார். ஒன்றுக்கு என் பையன் தினமும் தண்ணீர் ஊற்றுகிறான், அவன் இடுப்பு உயரம் வந்திருக்கிறது. கழிப்பறைச் சாவிக்காக மறுபடியும் திங்கட்கிழமை போகிறோம்.