ஆட்டத்தின் வழியே உடற்கல்வி: ஆசிரியர் பயிலரங்கு குறித்து

தொடக்கப்பள்ளியில் உடற்கல்வி கற்பிக்கும் நான், ஜூன் விடுமுறையில் இந்த இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டேன். இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பங்கர், தோர்ப் இருவரும் 1982இல் முன்வைத்த, மாணவர்களை முதலில் ஆடவைத்து ஆட்டத்தில் எழும் தேவைக்கேற்பத் திறன்களைக் கற்பிக்கும் சிந்தனையே இதன் அடிப்படை; அது 1999இல் சிங்கப்பூர்ப் பள்ளிகளின் பாடத்திட்டத்துக்குள் வந்தது. ஆயினும் முதலில் திறன், பிறகே ஆட்டம் என்ற பழக்கம் எங்களில் பலரை இன்னும் விடவில்லை.

பயிலரங்கின் உயிர்நாடி முதல் நாள் பிற்பகல். பூப்பந்து ஆடுதளத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, அந்த ஒடுங்கிய பாதியில் ஒருவருக்கொருவர் ஆடச் சொன்னார்கள். பக்கவாட்டில் அடிக்க வழியில்லாததால், எதிராளியை முன்னும் பின்னும் ஓடவைத்தால்தான் புள்ளி கிடைக்கும் என்பதைச் சில நிமிடங்களில் நாங்களே கண்டுகொண்டோம். அதன் பிறகே பயிற்றுநர், "எந்த இடம் காலியாக இருந்தது? அங்கே பந்தை அனுப்ப எந்த அடி தேவை?" என்று கேட்டார்; உயரத் தூக்கியடிக்கும் பயிற்சி அந்தத் தேவையிலிருந்து பிறந்தது. விடையைச் சொல்லிவிடாமல் பொறுத்திருப்பதே ஆசிரியருக்குக் கடினமான பகுதி என்பதால், கேள்வி கேட்கும் பயிற்சிக்கு இன்னும் அரைநாள் ஒதுக்கியிருக்கலாம்.

மட்டையால் அடித்து ஓடும் ஆட்டங்களை மேலோட்டமாகவே தொட்டார்கள். பன்னிரண்டு பேரை வைத்துக் காட்டியதை, வெயிலில் நாற்பது மாணவர்களுடன் எப்படி நடத்துவது என்பதற்கும் தெளிவான வழி கிடைக்கவில்லை. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.